அமானிதமாக வந்த பூனை

பூனை வளர்ப்பது வேறு, பூனையொன்றை அமானிதமாகப் பொறுப்பேற்பது வேறு. வளர்க்கும் பூனை நமக்குரியது. அமானிதமாக வந்தது, இன்னொரு வீட்டுக்குப் போகும்வரை மட்டும் நம்மிடம் இருப்பது. அதுவும் மனிதரைக் கண்டு நடுங்கும் பூனையாக இருந்தால் அன்பு மட்டும் போதாது, அதன் உடலும் மனமும் இயங்கும் விதம் தெரிய வேண்டும். இதைச் சென்ற தவணை விடுமுறையில்தான் நான் படித்தேன்.

பண்ணைப் பாலத்தடியில் கட்டிய சாக்கொன்றுக்குள் கிடந்ததாகச் சொல்லி, எமது தெருப் பையன் ஒருவன் அதைக் கொண்டு வந்தான். சாம்பல் நிறத்தில் கறுப்பு வரிகள் ஓடிய பெட்டைப் பூனை. ஒரு காது நுனி கிழிந்திருந்தது. சாவகச்சேரியில் இருக்கும் உம்மாவின் தோழி எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். ஆனால் அவர் வீட்டில் திருத்தவேலை நடந்தபடியால் ஒரு மாதம் பொறுக்க வேண்டியிருந்தது. சாக்கை அவிழ்த்ததும் பூனை பாய்ந்து உம்மம்மாவின் அலுமாரிக்கு அடியில் புகுந்துகொண்டது. நான்கு நாட்களாக நாம் கண்டது இரண்டு கண்களை மட்டும்தான்.

நான் செய்த முதற் பிழை, கையை நீட்டி அதை இழுக்கப் பார்த்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை கீறிவிட்டது. விசர்நாய்க்கடி நோய் நாயால் மட்டும் வருவதென்று நம்மில் பலர் நினைக்கிறோம். பூனையாலும் வரும். நோய்க்குறிகள் தோன்றிய பின் பிழைப்பவர் அநேகமாக இல்லை. ஆனால் காலந்தாழ்த்தாமல் ஊசி போட்டால் தடுத்துவிடலாம். லூயி பாஸ்டர் 1885இல் ஒரு சிறுவனுக்குப் போட்டுக் காட்டிய வழிதான் இது. கடியோ கீறலோ பட்டால் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மஞ்சளோ கோப்பித்தூளோ அப்பக் கூடாது. நானும் போய் ஊசி போட்டுக்கொண்டேன்.

பூனை ஒளிவதை நாம் நன்றிகெட்ட குணமென்று எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் ஒளிவதுதான் அதன் மருந்து. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வொன்றில், காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளில் சிலவற்றுக்கு ஒளியும் பெட்டிகளைக் கொடுத்தார்கள், சிலவற்றுக்குக் கொடுக்கவில்லை. பெட்டி கிடைத்தவை முதல் நாட்களிலேயே பதற்றம் தணிந்தன. நான் ஒரு மட்டைப்பெட்டியைச் சரித்து வைத்து, உள்ளே உம்மம்மாவின் பழைய சீலைத் துண்டை விரித்தேன். பிளாஸ்ரிக் பேசினில் வளவு மணலை நிரப்பி எதிர் மூலையில் வைத்தேன். உண்ணும் இடத்துக்குப் பக்கத்தில் பூனை மலங்கழிக்க விரும்பாது.

சாப்பாடுதான் பெரிய கவலை. பூனை சில நாட்கள் தொடர்ந்து பட்டினி கிடந்தால் உடற்கொழுப்பு ஈரலில் சேர்ந்து அதைக் கெடுத்துவிடும், உயிரே போகலாம். முதலிரண்டு இரவும் வைத்தது வைத்தபடி இருந்தது. மூன்றாம் இரவு உப்பும் தூளும் போடாமல் அவித்த சூடை மீனை முள் நீக்கி வைத்தேன். சுபஹுக்கு எழுந்து பார்த்தபோது தட்டு துடைத்து வைத்தாற்போல் இருந்தது. பால் வைக்கவில்லை. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றால் போகும். இன்னொன்று: மனிதருக்குக் கொடுப்பதுபோல் பனடோல் கொடுத்துவிடாதீர்கள். ஒரு குளிசையே பூனையைக் கொல்லப் போதும்.

அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் தரையில் பக்கவாட்டாக உட்கார்ந்து பரீட்சைக் குறிப்புகளை வாசித்ததுதான். நேராக உற்றுப் பார்ப்பது பூனைக்கு மிரட்டல். கண்களை மெதுவாகச் சுருக்கி மூடித் திறப்பது நட்புக் குறி. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வொன்று 2020இல் இதை உறுதிப்படுத்தியது. ஆனால் உம்மம்மாவுக்கு அது முன்பே தெரிந்திருந்தது.

“அதப் பாக்காத புள்ள. நீ பாத்தா அது வராது” என்று வாசலில் நின்று சொன்னார். அறைக்குள் மட்டும் அவர் வரவில்லை. ஏனென்று ஒரு மஃரிபுக்குப் பின்னர்தான் சொன்னார்.

1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண முஸ்லிம்கள் சில மணி நேரத்துக்குள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டபோது, சோனகத்தெருவில் அவர் வீட்டு அரிசிப் பெட்டிக்குப் பின்னால் பூனையொன்று குட்டி போட்டிருந்தது. இரண்டு மூன்று நாளில் திரும்பிவிடலாமென்று நினைத்து, சோற்றில் மீனைப் பிசைந்து வைத்துவிட்டு வந்தாராம். புத்தளத்தில் முகாம் வாழ்க்கை. 2002இல் ஏ9 பாதை திறந்த பின் வந்து பார்த்தபோது கூரையில்லை, குசினிக்குள் மரம் முளைத்திருந்தது. பன்னிரண்டு வருடம் கழித்து எந்தப் பூனை இருக்கும்? அவருக்கும் தெரியும். ஆனாலும் கூப்பிட்டுப் பார்த்தாராம்.

“பின்கதவச் சாத்தாம வந்தன். அது ஒண்டுதான் நிம்மதி” என்றார். பூனையைக் கட்டிவைத்து, உணவும் கொடாமல், தானே இரை தேடவும் விடாமல் சாகவிட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸ் நாம் எல்லோரும் படித்ததுதான். அதை நான் பாடமாக மட்டுமே படித்திருந்தேன்.

பத்தாம் நாள் பூனை என் முழங்காலில் தலையை உரசியது. கன்னத்திலுள்ள சுரப்பிகளின் வாசனையைப் பூசி, இது என்னுடையது என்று சொல்லும் முறை அது. இரண்டு கிழமைக்குப் பிறகு கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோனோம். பல்லைப் பார்த்து ஒரு வயதிருக்கும் என்றார், விசர்நோய்த் தடுப்பூசி போட்டார். கருத்தடைச் சத்திரசிகிச்சையும் செய்தாயிற்று. பெட்டைப் பூனை நான்கைந்து மாதத்திலேயே கருத்தரிக்கக்கூடியது, கர்ப்பகாலம் ஒன்பது கிழமைதான். சாக்குக்குள் கட்டி எறியப்படும் குட்டிகளுக்கு இந்தக் கணக்கே காரணம்.

போகும் நாளில் நான் அழுதேன். உம்மம்மா அழவில்லை. மட்டைப்பெட்டியிலிருந்த சீலைத் துண்டைத் துவைக்காமல் மடித்துக் கூட்டுக்குள் வைத்தார். பழகிய வாசனை கூடவே போனால் புது இடத்தில் பயம் குறையும். அதையும் அவர் எங்கும் படித்ததில்லை.

அன்றிரவு சாவகச்சேரியிலிருந்து அழைப்பு வந்தது. பூனை சாப்பிடவில்லையாம், ஒளித்துக்கொண்டதாம்.

“எங்க?” என்று கேட்டார் உம்மம்மா.

“அலுமாரிக்குக் கீழ.”

“அப்ப சரி. ஒருத்தரும் அதப் பாக்க வேணாமெண்டு சொல்லு.”