பழைய மடிக்கணினியும் அப்டேட்டும்



தமிழக அரசு 2011 செப்டம்பர் 15-ல் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அப்போது வந்த ஒன்று பக்கத்து வீட்டு அக்கா மூலம் என் கைக்கு வந்தது. அப்பா வேளாங்கண்ணியில் கடலுக்குப் போகிறவர். எங்கள் வீட்டில் முதலில் படிப்பவன் நான். புதுசு வாங்க வழியில்லை. என்னைப் போன்றவர்களுக்கே இக்கட்டுரை.

இயங்குதளத்தில் தெரியவரும் ஓட்டைகளை அடைப்பதுதான் அப்டேட். "மெஷின் ஸ்லோ ஆயிடும்" என்று அதைத் தள்ளிப்போடுவது, கசியும் படகைக் கடலில் இறக்குவது போல.

அப்டேட் போடுமுன் கவனிக்க வேண்டியவை:

1. பாடக்குறிப்பு, ப்ராஜெக்ட் எல்லாவற்றையும் பென்டிரைவில் நகலெடுங்கள்.

2. 'சி' டிரைவில் சுமார் 20 ஜிபி காலியாக இருக்கட்டும்.

3. பழைய பேட்டரியை நம்பாதீர்கள். சார்ஜரைச் செருகி, கரண்ட் நிற்காத நேரம் பார்த்துப் போடுங்கள். பாதியில் அணைந்தால் மெஷின் கிளம்பாமலே போகலாம்.

விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-லும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-லும் வழக்கமான ஆதரவு நின்றுவிட்டது. விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி ராம், டிபிஎம் 2.0 வேண்டும், அந்தக் கால மெஷினில் டிபிஎம் 2.0 இருக்காது. அதற்காகத் தூக்கிப் போட வேண்டாம். லினக்ஸும் இலவசம், அதன் அப்டேட்டும் இலவசம். சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' அந்த வகைதான். முதலில் பென்டிரைவிலிருந்தே ஓட்டி வைஃபை, ஒலி வேலை செய்கிறதா பாருங்கள், பிறகு நிறுவுங்கள்.

சந்தேகம் இருந்தால் மெஷினோடு வாருங்கள், சேர்ந்தே போட்டுப் பார்ப்போம்.