பாட்டியின் கூறைப்புடவை: மதிப்பை அறிவது எப்படி?

நமது அங்கத்தினர் இல்லங்களில் பழம்பெட்டி ஒன்று இல்லாத இல்லம் அரிது. அதன் அடியில், வெள்ளைத் துணியில் சுற்றிய பட்டுப்புடவை ஒன்று இருக்கும். பாட்டி மணவறையில் உடுத்திய கூறை அது. அதனை ஞாபகப் பொருளாகக் கருதுகிறோமேயன்றி விலைப் பொருளாகக் கருதுவதில்லை. ஆதலால்தான், விலை பேச ஒருவர் வாயிலில் வந்து நிற்கும்போது நமக்கு விடை தெரிவதில்லை.

நம் இல்லத்திலேயே இது நேர்ந்தது. பழைய பட்டுப்புடவை வாங்குவதாகக் கூவி வந்த வியாபாரி ஒருவர், பாட்டியின் காஞ்சிபுரம் புடவையைக் கையில் தூக்கிப் பார்த்து ஒரு தொகை சொன்னார். மடிப்புகள் கிழிந்திருந்தன, ஜரிகை கறுத்திருந்தது. பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் செலுத்த வேண்டிய வாரம் அது. கொடுத்துவிடத் துணிந்தோம். அச்சமயம் வந்த அடுத்த தெருப் பெரியவர், தறியில் முதுமை அடைந்தவர், “வெள்ளியை நிறுக்காமல் விற்பதுண்டா, தம்பி?” என்று கேட்டார். நெசவுக் குடும்பத்தில் பிறந்தும் அந்தக் கறுத்த கரையை வெள்ளி என நாம் எண்ணிப் பார்த்ததில்லை. வெட்கத்துடன் புடவையைத் திரும்ப வாங்கிக்கொண்டோம். அன்று அவரிடம் கற்றதையும் பின்னர் கேட்டறிந்ததையும் இங்குத் தருகிறோம்.

ஜரிகையில் உள்ள உலோகம்

செம்பு கலந்த வெள்ளிக் கம்பியை மெல்லிதாக இழுத்துத் தட்டையாக்கி, சாயமிட்ட பட்டு இழையின்மேல் சுற்றி, அதற்குப் பொன்முலாம் பூசுவதே தூய ஜரிகை. காஞ்சிபுரத்தில் வழங்கிவந்த அளவு ஒன்றின்படி, அதில் வெள்ளி 40 சதவீதம், செம்பு 35.5 சதவீதம், பட்டு 24 சதவீதம், பொன் 0.5 சதவீதம். இதைவிட வெள்ளி மிகுந்த ஜரிகையும் வழங்கியதுண்டு, குறைந்ததும் உண்டு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். புடவையில் 150 கிராம் ஜரிகை இருப்பதாகக் கொள்வோம். மேற்கண்ட அளவின்படி அதில் 60 கிராம் வெள்ளியும் முக்கால் கிராம் பொன்னும் அடங்கும். அன்றைய வெள்ளி விலையால் பெருக்கினால், வாயிலில் கேட்ட தொகை தகுமா என்பது தெரிந்துவிடும். கிழிந்த புடவையையும் வியாபாரி விரும்பி வாங்குவது இதனாலேயே. அதனை எரித்து, எஞ்சும் உலோகத்தை உருக்கி வெள்ளியைப் பிரித்தெடுக்கின்றனர். அவருக்குத் துணி தேவையில்லை.

மெய் ஜரிகையை அறிதல்

கறுத்த ஜரிகையெல்லாம் போலி என்பது தவறான எண்ணம். வெள்ளியின் இயல்பே காற்றுப் பட்டுக் கறுப்பது. கிழிந்த ஓரத்தில் தானாக உதிர்ந்த இழை ஒன்றை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். உலோகம் நீங்கியபின் செந்நிறப் பட்டு இழை தோன்றினால் அது நல்ல அறிகுறி. உள்ளிழையை எரித்தால், பட்டு மயிர் கருகும் நாற்றம் வீசிப் பொடியாகும் சாம்பல் தரும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும். ஆயினும் இவை முதற்சோதனைகளே. எக்ஸ் கதிர்க் கருவியால் சோதித்தால், துணிக்குச் சேதமின்றி உலோகங்களின் விகிதம் தெரியவரும். புடவையின் மொத்த எடையையும் கரை, முந்தானை ஆகியவற்றின் அளவையும் கண்டு, அதில் எவ்வளவு ஜரிகை இருக்கும் என்பதைத் தேர்ந்த நெசவாளர் ஏறத்தாழச் சொல்லிவிடுவார்.

தராசில் ஏறாத மதிப்பு

இதுவரை சொன்னது உலோகத்தின் விலை. பெரியவர் அடுத்து, புடவையைப் பின்புறம் திருப்பி, உடலும் கரையும் சேருமிடத்தைக் காட்டினார். கரையின் ஊடையும் உடலின் ஊடையும் அங்கே ஒன்றையொன்று கவ்விக்கொண்டிருந்தன. இதுவே கோர்வை. இதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். நெசவாளருக்குத் துணையாக மற்றொருவரும் தறியில் அமர வேண்டும். முந்தானை தொடங்குமிடத்தில், பழைய பாவின் இழை ஒவ்வொன்றோடும் புதிய நிறப் பாவின் இழையை முறுக்கி இணைத்திருந்தார்கள். இதனைப் பிட்னி என்பர். பொறுமைக்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டுவதில்லை.

இந்த வேலையை எரித்து எடுக்க இயலாது, எரித்தால் இழந்துவிடுவோம். எரிக்கப்படாத புடவையிலிருந்தோ, உருப்பெருக்கிக் கண்ணாடியால் இழைகளை எண்ணி, கரையின் உருவை வரைபடத் தாளில் ஏற்றி, ஜக்கார்டு அட்டை அடித்து, மீண்டும் தறியில் நெய்யலாம். 1950-களில் தொடங்கப்பட்ட நெசவாளர் சேவை மையங்கள் பழைய உருக்களைச் சேகரித்து நெசவாளருக்கு அளித்துவந்தமை நாம் அறிந்ததே. ஆக, பாட்டியின் கரை, பேரனின் தறிக்கு வேலை தரக்கூடிய ஒரு முதல்.

விற்பது குற்றமா?

அன்று. பசியும் நோயும் வந்த வீட்டில் ஞாபகப் பொருளைப் போற்றுக என உபதேசிப்பது அறமாகாது. பிள்ளையின் படிப்பை அப்பாட்டியும் புடவையினும் பெரிதாகவே கருதியிருப்பார். நாம் வேண்டுவது ஒன்றே: அறியாமல் விற்கலாகாது. எடை பார்த்து, சோதித்து, உருவை வரைந்துகொண்டு, உடன்பிறந்தாரின் சம்மதமும் பெற்றபின் விற்பவர் ஏமாறுவதில்லை. பின்னர் வருந்துவதும் குறைவு.

நம் வீட்டுப் புடவையை நாம் விற்கவில்லை. பள்ளிக் கட்டணத்துக்குச் சங்கத்தில் கடன் பெற்றோம். அதனை அடைக்கப் பத்து மாதங்கள் ஆயின. கரை மட்டும் வரைபடத் தாளில் ஏறியுள்ளது.

வைத்துக்கொள்ள விரும்புவோர் துவைத்த பருத்தித் துணியில் புடவையைச் சுற்றி வைக்க வேண்டும். அந்துருண்டையும் வாசனைத் தைலமும் ஜரிகையில் படலாகாது. சில மாதங்களுக்கு ஒருமுறை நிழலில் விரித்துக் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி மடிக்க வேண்டும். ஒரே மடிப்பில் நெடுநாள் கிடந்தால் பட்டு அங்கேயே இற்றுப்போகும்.

அங்கத்தினர்கள் இம்மாதத்தில் ஒருநாள் பெட்டியைத் திறந்து பார்ப்பார்களாக. வியாபாரியின் குரல் தெருவில் கேட்பதற்கு முன்பே அது நிகழ்தல் நன்று.