வீட்டுப் படங்களுக்கு ஒரு பெட்டி

கும்பகோணத்தில் இருபத்தெட்டு வருடம் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவன் நான். கடையை மூடிய பிறகும் ஆட்கள் வருவது நிற்கவில்லை. "மாமா, போன் ஃபுல் ஆயிடுச்சு. போட்டோவெல்லாம் ஏத்தி வைக்க ஒரு கம்ப்யூட்டர் வாங்கணும், எதை வாங்கலாம்?" என்று கேட்டுக்கொண்டு யாராவது வாசலில் நிற்கிறார்கள். ஆளாளுக்குச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன். முதல்முறை வாங்குகிறவர்களுக்குத்தான் இது. விவரம் தெரிந்தவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடலாம்.

1. கடைக்குப் போகுமுன் வீட்டில் உட்கார்ந்து எண்ணுங்கள். ஒவ்வொரு போனிலும் செட்டிங்ஸுக்குள் போய், படமும் வீடியோவும் எவ்வளவு இடத்தை அடைத்திருக்கின்றன என்று பார்த்துத் தாளில் எழுதுங்கள். எங்கள் வீட்டில் நான்கு போன். கூட்டினால் 300 ஜிபி வந்தது. படங்களைவிட வீடியோதான் இடத்தை விழுங்குகிறது. ஒரு படம் இரண்டு, மூன்று எம்பி என்றால், 4கே வீடியோ ஒரு நிமிடத்துக்கே 170 எம்பிக்கு மேல் போகும். பேரன் தவழ்ந்ததை மருமகள் பத்து நிமிடம் எடுத்தாள், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கூட்டிவந்த தொகையைப் போல மூன்று மடங்கு டிஸ்க் வாங்குங்கள். 2 டிபி என்று அட்டையில் போட்டிருப்பது கம்ப்யூட்டரில் 1.81 என்றுதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. கம்பெனி ஆயிரத்தால் பெருக்குகிறது, விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது, அவ்வளவுதான்.

2. "எல்லாம் கூகுளில் இருக்கிறதே மாமா" என்பவர்களுக்கு. 2021 ஜூன் 1 முதல் கூகுள் போட்டோஸில் கணக்கில்லாமல் ஏற்றும் சலுகை கிடையாது. மெயிலையும் சேர்த்து 15 ஜிபிதான் இலவசம். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. போனும் கூகுள் போட்டோஸும் கண்ணாடியும் முகமும் மாதிரி. அந்த ஆப்பில் அழித்தால் இரண்டிலும் போய்விடும், குப்பைத்தொட்டியில் சில வாரம் கிடந்துவிட்டு. குழந்தை கையில் போனைக் கொடுக்கிற வீட்டுக்கு இந்த ஏற்பாடு மட்டும் போதாது. கூகுளை விட்டுவிடச் சொல்லவில்லை; அதை ஒரு பிரதியாக மட்டும் கணக்கில் வையுங்கள்.

3. இப்போது பெட்டிக்கு வருவோம். படம் ஏற்றி வைக்கிற வேலைக்குக் குதிரைசக்தி தேவையில்லை. கடையில் கலர் கலராக விளக்கு எரிகிற பெட்டியைக் காட்டி, கிராபிக்ஸ் கார்டு, லிக்விட் கூலிங் என்று பேசுவார்கள். தலையாட்டிவிட்டு நகருங்கள். ஐ3 அல்லது ரைசன் 3 போதும். மின்சாரம் குறைவாகத் தின்கிற இன்டெல் என்100 பெட்டிகூடப் போதும். ராம் 8 ஜிபி. விண்டோஸ் உட்கார 256 ஜிபி எஸ்எஸ்டி. யுஎஸ்பி 3 ஓட்டை குறைந்தது இரண்டு. மிச்சப் பணத்தை டிஸ்க்கில் போடுங்கள்.

யுஎஸ்பியை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், 500 ஜிபியைப் பழைய யுஎஸ்பி 2 வழியாக இறக்க நாலு மணி நேரம் ஆகும். 3 வழியாக வெளி டிஸ்க்குக்கு ஒன்றேகால் மணியில் முடிந்துவிடும். நேரம் பிடிக்கிற வேலையை மனிதன் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிடுவான். நானும் தள்ளியிருக்கிறேன்.

4. செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா? தாராளமாக. ஆபீஸ்களில் கழித்துப்போட்ட பெட்டிகள் சென்னை ரிச்சி தெருவில் வரிசையாக நிற்கும். பொறுக்கி எடுத்தால் பத்து வருடம் உழைக்கும். ஒன்றை மட்டும் பாருங்கள். விண்டோஸ் 10-க்குத் தந்துவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற, இன்டெல் என்றால் பொதுவாக எட்டாவது தலைமுறை அல்லது அதற்கு மேல் வேண்டும். ஏழாவது தலைமுறைப் பெட்டி மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆசைப்பட்டால் அதில் லினக்ஸ் மின்ட் போட்டுக்கொள்ளத் தயாராக இருங்கள்.

பழைய பெட்டி வாங்கலாம். பழைய டிஸ்க் வாங்காதீர்கள். பெட்டியோடு சும்மா தருகிறேன் என்றாலும், அதில் உங்கள் படத்தை வைக்காதீர்கள்.

5. லேப்டாப்பா, டெஸ்க்டாப்பா என்று நிறையப் பேர் குழம்புகிறார்கள். வீட்டில் லேப்டாப் ஏற்கெனவே இருந்தால் புதிதாக எதுவும் வேண்டாம், இரண்டு வெளி டிஸ்க் வாங்கினால் வேலை முடிந்தது. புதிதாகத்தான் வாங்கவேண்டும் என்றால் என் ஓட்டு டெஸ்க்டாப்புக்கு. உள்ளே பெரிய டிஸ்க் வைக்க இடம் இருக்கும், எது பழுதானாலும் தனியாகக் கழற்றி மாற்றலாம். கூடவே ஒரு சின்ன யுபிஎஸ் வாங்குங்கள். காப்பி ஓடும்போது கரண்ட் போனால் ஃபைல் பாதியில் அறுந்து நிற்கும்.

6. படங்களை வைக்க ஹார்ட் டிஸ்க்கா, எஸ்எஸ்டியா? தேக்கி வைக்க ஹார்ட் டிஸ்க். ஒரே விலைக்கு அதிக இடம். எஸ்எஸ்டி வேகம்தான், ஆனால் கரண்டே காட்டாமல் வருடக்கணக்கில் பீரோவில் போட்டுவைக்கிற சாமான் இல்லை அது. ஹார்ட் டிஸ்க்குக்கு எமன் ஈரமும் கீழே விழுவதும். காவிரிக் கரை ஈரத்தில் என் நெகட்டிவ்கள் எத்தனை பூஞ்சை பிடித்துப் போயின என்று எனக்குத்தான் தெரியும். டிஸ்க்கை மூடி உள்ள பிளாஸ்டிக் டப்பாவில், இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். பழைய சிடி, டிவிடியில் எழுதி வைத்திருப்பவர்கள் இந்த மாதமே அதை டிஸ்க்குக்கு மாற்றுங்கள். அவற்றில் பலவற்றை இன்றைக்கு டிரைவ் படிக்கவே மறுக்கிறது.

7. இதுதான் முக்கியம். டிஸ்க் ஒன்று வாங்கினால் ஒன்றும் வாங்காததற்குச் சமம்.

ஊரார் கல்யாணத்தையெல்லாம் பத்திரப்படுத்தியவன் என் வீட்டுப் படத்தைக் கோட்டை விட்டேன். தங்கை மகளின் காதுகுத்து. என் மடியில் உட்காரவைத்துக் குத்தினார்கள்; தாய்மாமன் மடியாயிற்றே, கேமராவை உதவியாளிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். முன்னூறு படத்துக்கு மேல். "அப்புறம் பிரிண்ட் போடலாம்" என்று டிஸ்க்கில் ஏற்றிவிட்டுக் கார்டை அழித்தேன். எட்டாவது மாதம் டிஸ்க் 'டக், டக்' என்று சத்தம் போட ஆரம்பித்தது. மீட்டுத் தருகிறவர்களிடம் கொடுத்து, புது டிஸ்க் ஐந்து வாங்கும் காசைக் கட்டியும் நாற்பது சொச்சம் படம்தான் வந்தது. அதில் ஒன்றில்கூட என் அம்மா இல்லை. அன்றைக்குக் குழந்தைக்கு முதலில் சர்க்கரை ஊட்டியது அவர்.

பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் மூன்று, இரண்டு, ஒன்று என்று ஒரு வாய்ப்பாட்டைப் பரப்பினார். பிரதி மூன்று, இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்று வீட்டுக்கு வெளியே. நம் வீட்டுக் கணக்கில் சொன்னால், பெட்டிக்குள் ஒன்று, பீரோவில் வெளி டிஸ்க் ஒன்று, அக்காள் வீட்டில் ஒன்று. 2015 டிசம்பரில் சென்னையில் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியபோது பெட்டியும் பீரோவும் ஒன்றாகத்தான் நனைந்தன. எங்கள் மூன்றாவது டிஸ்க் திருச்சியில் அக்காள் வீட்டுப் பரணில் இருக்கிறது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது புதியதைக் கொடுத்துப் பழையதை வாங்கி வருகிறேன்.

8. பீரோ டிஸ்க்கை எப்போதும் சொருகியே வைக்காதீர்கள். காப்பி முடிந்ததும் கழற்றுங்கள். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கிற வைரஸ், சொருகியிருக்கிற டிஸ்க்கையும் சேர்த்துத்தான் பூட்டும்.

9. போனிலிருந்து எடுக்கும்போது கேபிள் போட்டதும் சார்ஜ் மட்டும் ஏறும். திரையில் 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்று மாற்றினால்தான் உள்ளே இருப்பது தெரியும். நிறையப் பேர் டிசிஐஎம் ஃபோல்டரை மட்டும் இழுத்துப் போட்டுவிட்டு முடிந்தது என்கிறார்கள். வாட்ஸ்அப்பில் வந்தவை அதில் இல்லை. 'ஆண்ட்ராய்ட்' ஃபோல்டருக்குள் 'மீடியா'வில் தனியாக இருக்கின்றன. அப்பத்தா அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் அங்கேதான் கிடக்கும். ஐபோன்காரர்கள் ஒன்று கவனியுங்கள்: இடம் மிச்சப்படுத்தும் 'ஆப்டிமைஸ்' வசதியைப் போட்டிருந்தால் போனில் இருப்பது சின்னப் பிரதியாக இருக்கலாம், முழுப் படம் ஐகிளவுடில் இருக்கும். அங்கிருந்து இறக்குங்கள்.

எப்போதும் 'காப்பி'தான், 'கட்' வேண்டாம். குடும்பக் குரூப்பில் படமாகப் போட்டதைப் பிரதி என்று நினைக்காதீர்கள். வாட்ஸ்அப் அதைச் சுருக்கித்தான் அனுப்பும்.

ஃபோல்டருக்குப் பெயர் வைப்பதில் சோம்பல் கூடாது. என் கடையில் நெகட்டிவ் கவர் ஒவ்வொன்றுக்கும் நம்பர், அந்த நம்பருக்கு ரிஜிஸ்டர். பத்து வருடம் கழித்து வந்து "மாமா, எங்க கல்யாணப் படம்" என்று கேட்டாலும் ஐந்து நிமிடத்தில் எடுத்துக் கொடுப்பேன். '2024-11 காதுகுத்து' என்று வருடம், மாதம், விசேஷம் எழுதினால் தானாக வரிசைப்படும். 'நியூ ஃபோல்டர் 7' என்று வைத்தவர் வீட்டுப் படங்களை அவரே தேட முடியாது.

10. பெட்டியை இரவு பகலாக ஓடவிட வேண்டாம். 30 வாட் இழுக்கிற பெட்டி இரண்டு மாதம் நிற்காமல் ஓடினால் 43 யூனிட். வீட்டுக்குக் கிடைக்கும் இலவச யூனிட்டில் கணிசமான பங்கு அதற்கே போய்விடும். மாதம் ஒரு நாள் போதும். நான் அமாவாசையை வைத்திருக்கிறேன். காலண்டரில் தானாக வரும், வீட்டில் எல்லோருக்கும் நினைவிருக்கும். அன்றைக்கு நாலு போனும் கூடத்து மேசைக்கு வந்துவிடும்.

11. காப்பி ஆனதும் ஏதாவது பத்துப் படத்தையும் இரண்டு வீடியோவையும் திறந்து பாருங்கள். டிஸ்க்குக்குப் பாஸ்வேர்ட் போட்டிருந்தால் அதைத் தாளில் எழுதி, வீட்டில் இன்னொருவருக்குத் தெரிகிற இடத்தில் வையுங்கள். பூட்டியவர் போய்விட்டால் பெட்டி வெறும் இரும்பு.

12. எந்தப் போனில் தொடங்குவது என்று கேட்டால், வீட்டில் மூத்தவர் போனில். மற்றவர்கள் படத்துக்கு எங்கேயாவது இன்னொரு பிரதி இருக்கும். அந்தப் பழைய போனில் இருப்பது வேறு யாரிடமும் இல்லை. கம்ப்யூட்டர் வாங்கும்வரை காத்திருக்காமல், பக்கத்து வீட்டு லேப்டாப்பைக் கேட்டு வாங்கியாவது இந்த ஞாயிற்றுக்கிழமையே அதை இறக்கிவிடுங்கள்.