இடமும் உடையும்: பல்கலாசாரச் சமூகத்தில் பொருத்தமான ஆடை

க.பொ.த. (சாதாரண தரம்) - குடியியற் கல்வி

மாணவர்களே,

"பொருத்தமான ஆடை என்றால் என்ன?" என்று கேட்டால் எனது வகுப்பிலே பத்தில் எட்டுப் பேர் "உடலை மறைக்கும் ஒழுக்கமான ஆடை" என ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். இவ்விடை பிழையன்று, ஆயினும் முழுமையானதன்று. எங்கே, எதற்காக, யார் முன்னிலையில் என்ற மூன்று கேள்விகளுக்கும் அதில் இடமில்லை. ஓர் இடத்தில் மரியாதையாகக் கருதப்படும் உடை வேறோர் இடத்தில் அவமரியாதையாகக் கருதப்படலாம். இப்பாடத்தில் நாம் படிக்கப்போவது இதுவேயாகும்.

எங்கள் ஊரையே எடுத்துக்கொள்வோம்

விடியற்காலையில் மட்டக்களப்பு வாவியில் தொடையளவு நீரில் நின்று வீச்சுவலை வீசுபவரைப் பார்த்திருப்பீர்கள். சாரத்தை மடித்துக் கச்சை போல இறுக்கிக் கட்டியிருப்பார். மேலே சட்டை இராது. நீளக்காற்சட்டை நனைந்தால் பாரமாகிக் காலைத் தடுக்கும். படுவான்கரை வயலில் அறுவடை செய்யும் பெண், வெயிலுக்கும் நெற்தாளின் கீறலுக்கும் பயந்து ஆண்களின் நீளக்கைச் சட்டையை மேலே போட்டுக்கொள்வார். இவ்விரண்டிலும் உடையைத் தீர்மானிப்பது தொழிலும் சூழலுமாகும்.

அதே மீனவர் மாலையில் கோயிலுக்குப் போகும்போது வேட்டி கட்டி, வாசலில் மேற்சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே செல்கிறார். காலையில் வேலைக்காகக் கழற்றிய சட்டையை இப்போது பக்திக்காகக் கழற்றுகிறார். அவரே நாளை நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வெற்று மேலோடு போனால் என்னவாகும்? நீதிமன்றத்தை அவமதித்ததாகவே கொள்ளப்படும். உடல் ஒன்றுதான், மாறியது இடம்.

நீதிமன்றத்தைப் பற்றி இன்னொன்று. எங்கள் சித்திரை வெயிலில் கறுப்புக் கோட்டு யாருக்குச் சுகம்? ஆங்கிலேயர் விட்டுச்சென்ற வழக்கம் அது. உடை எப்போதும் வசதிக்காக மட்டும் அணியப்படுவதில்லை. பதவியையும் அதிகாரத்தையும் காட்டவும் அணியப்படுகிறது என்பதற்கு இது நல்ல உதாரணமாகும். பரீட்சையில் எழுதலாம்.

வெள்ளை நிறம்

பாடசாலையில் வெள்ளை சீருடையாகும். 1993ஆம் ஆண்டிலிருந்து அரசாங்கம் சீருடைத் துணியை இலவசமாக வழங்கி வருகிறது. பணக்காரப் பிள்ளையும் ஏழைப் பிள்ளையும் ஒரே வாங்கில் ஒன்றுபோலத் தெரிவது அதன் பெரிய பயன். இந்துக்களின் கல்யாண வீட்டில் மணமகள் வெள்ளைச் சேலை உடுத்துவதில்லை. அவர்களுக்கு வெள்ளை செத்தவீட்டு நிறம். சற்றுத் தள்ளி உள்ள தேவாலயத்திலோ மணமகள் வெள்ளையில்தான் வருவார். போயா தினத்தில் சில் அனுட்டிக்கும் பௌத்தரும் வெள்ளையே அணிகின்றனர். ஒரே நிறம், நான்கு பொருள்.

பிணக்கு எங்கே தோன்றுகிறது?

மேலே கூறியவற்றில் யாருக்கும் சண்டையில்லை. ஓர் இடத்தின் வழக்கமும் அங்கே வருபவரின் நம்பிக்கையும் மோதும்போதே பிணக்கு உண்டாகிறது. இது புதிய விடயமன்று. 1905ஆம் ஆண்டிலே எம்.சி. அப்துல் காதர் என்ற முஸ்லிம் சட்டத்தரணி துருக்கித் தொப்பி அணிந்து கொழும்பு உயர் நீதிமன்றத்தில் தோன்றினார். தொப்பியைக் கழற்றுமாறு பிரதம நீதியரசர் லயார்ட் பணித்தார். ஆங்கிலேய வழக்கப்படி தலையைத் திறப்பது மரியாதை. முஸ்லிம்களின் வழக்கப்படி தலையை மூடுவது மரியாதை. இருவரும் மரியாதையைத்தான் கேட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். அவ்வாண்டு டிசம்பர் 31இல் மருதானையில் பெருங்கூட்டம் நடந்தது. பின்னர் தொப்பியுடன் வாதாட அனுமதி கிடைத்தது.

2018 ஏப்ரலில் எமது கிழக்கு மாகாணத்திலேயே, திருகோணமலை ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரியில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிவது தொடர்பாகப் பிரச்சினை எழுந்தது. பாடசாலையின் மரபு சேலை என்றனர் ஒரு சாரார். எமது மத நம்பிக்கை என்றனர் மறு சாரார். மனித உரிமைகள் ஆணைக்குழு விசாரித்து, அபாயா அணிய அனுமதிக்க வேண்டுமெனப் பரிந்துரைத்தது. காத்தான்குடியும் ஆரையம்பதியும் அருகருகே உள்ள எங்களுக்கு இது தூரத்துச் செய்தியன்று. எனது வகுப்பிலும் இரு ஊர்ப் பிள்ளைகளும் இருக்கிறீர்கள். இத்தகைய வினாவுக்கு விடை எழுதும்போது இரு பக்க நியாயங்களையும் முதலில் எழுதி, அதன் பின்னரே உங்கள் முடிவை எழுதுங்கள்.

2019 ஏப்ரல் 21ஆம் திகதிக் குண்டுத் தாக்குதல்களில் எங்கள் நகரின் சீயோன் தேவாலயமும் இலக்கானது. அதன்பின் அவசரகாலச் சட்டத்தின் கீழ் முகத்தை மூடும் ஆடை தடைசெய்யப்பட்டது. அதே ஆண்டு மே மாதத்தில் வந்த பொது நிருவாகச் சுற்றறிக்கை, பெண் அலுவலர்கள் சேலை அல்லது ஒசரி அணிய வேண்டும் என்றது. எதிர்ப்பு எழவே திருத்தப்பட்டது. பொருளாதார நெருக்கடியின்போது, 2022 நவம்பர் 21இல், நாட்டின் சில ஆசிரியைகள் சேலையல்லாத உடையில் பாடசாலைக்குச் சென்றதும் விவாதமாயிற்று. இங்கே மதம் வரவில்லை. சேலையின் விலையும் பஸ் பயணமுமே காரணம்.

யாப்பு கூறுவது

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரத்தையும், 12ஆம் உறுப்புரை சட்டத்தின் முன் சமத்துவத்தையும், 14(1)ஆம் உறுப்புரை மதத்தையும் பண்பாட்டையும் வெளிப்படுத்தும் சுதந்திரத்தையும் தருகின்றன. தேசிய பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக 12ஐயும் 14ஐயும் சட்டத்தால் மட்டுப்படுத்தலாம் என 15(7) கூறுகிறது. 10ஆம் உறுப்புரை அப்பட்டியலில் இல்லை. பலர் தவறவிடும் புள்ளி இது.

தமிழ்நாட்டில் 2014ஆம் ஆண்டு வேட்டி அணிந்த நீதிபதி ஒருவருக்குச் சென்னையிலுள்ள கிளப் ஒன்றில் அனுமதி மறுக்கப்பட்டது. அவ்வாண்டே, வேட்டி அணிந்தவரைப் பொது இடங்களில் தடுப்பது குற்றம் எனச் சட்டமன்றம் சட்டம் இயற்றியது.

நீதிபதிக்குச் சட்டம் வந்தது. என் தந்தையாருக்கு நடந்ததையும் சொல்கிறேன். வாவியில் வலை வீசி எங்களைப் படிக்க வைத்தவர். ஒரு பத்திரத்துக்காக அலுவலகம் ஒன்றுக்குக் கழுவி மடித்த சாரமும் சேர்ட்டும் அணிந்து போனார். "காற்சட்டை போட்டு வாங்க" என்று வாசலிலேயே திருப்பிவிட்டார்கள். அப்படியொரு விதி அங்கே எந்தச் சுவரிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. மறுநாள் எனது காற்சட்டையை இடுப்பில் நிற்காமல் கயிற்றால் கட்டிக்கொண்டு போய்ப் பத்திரத்தைப் பெற்றுவந்தார். அதன்பின் எந்த அலுவலகத்துக்கும் தான் போகாமல் என்னையே அனுப்பினார்.

பயிற்சி வினாக்கள்

1. உடையைத் தீர்மானிக்கும் காரணிகள் மூன்றை உங்கள் பிரதேச உதாரணங்களுடன் விளக்குக.

2. 1905ஆம் ஆண்டுத் தொப்பிப் பிணக்கில் இரு தரப்பினரும் எதனை மரியாதையாகக் கருதினர்?

3. அலுவலருக்குரிய உடை விதியைச் சேவை பெற வருபவருக்கும் விதிப்பது நியாயமானதா? 12ஆம் உறுப்புரையைத் தொடர்புபடுத்தி எழுதுக. (குறிப்பு: எழுதப்பட்ட விதி, எழுதப்படாத வழக்கம் என்பவற்றைப் பிரித்து நோக்குக.)