ஸ்டியரிங் பாரமானால் முதலில் எதைப் பார்ப்பது?

கராஜில் தொழில் பழகும் பிள்ளைகளுக்கான பாடம் இது. வாடகைக்குக் கார் ஓட்டிப் பிழைப்பவர்களும் வாசிக்கலாம்.

இன்றைய சிறிய கார்கள் பலவற்றில் ஸ்டியரிங்கை இலகுவாக்குவது எண்ணெய்ப் பம்பி அல்ல, மின் மோட்டர். சுசுகி நிறுவனம் 1988இல் செர்வோ என்ற சிறிய காரில் இதைக் கொண்டுவந்தது. மோட்டரை ஒரு கணினிப் பெட்டி இயக்குகிறது. என்ஜின், பிரேக், ஸ்டியரிங் பெட்டிகள் முறுக்கிய இரண்டு வயர்கள் வழியாகத் தமக்குள் செய்தி பரிமாறுகின்றன. இதன் பெயர் 'கான்'. கார் ஓடும் வேகம் ஸ்டியரிங் பெட்டிக்குப் பெரும்பாலும் இவ்வழியாகவே தெரியவருகிறது.

செய்தி அறுந்தால் டாஷ்போட்டில் ஸ்டியரிங் விளக்கு எரியும், ஸ்டியரிங் பாரமாகலாம். சக்கரங்களோடுள்ள இரும்புத் தொடுப்பு அப்படியே இருப்பதால் பலமாகப் பிடித்தால் திரும்பும். வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்துங்கள்.

"முழுவதையும் மாற்றவேண்டும்" என்று யாரும் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். பெருந்தொகை போகும்; பழுதோ ஒரு துருப்பிடித்த ஏர்த் வயராக இருக்கலாம்.

ஸ்கானர் கருவி காட்டும் குறிகளை அழிக்குமுன் எழுதிவையுங்கள். 'யூ 0131' என்றால் ஸ்டியரிங் பெட்டியிடமிருந்து செய்தி வரவில்லை என்று மற்றப் பெட்டிகள் சொல்கின்றன. கூட்டத்துக்கு வராதவனைப் பற்றி வந்தவர்கள் செய்யும் முறைப்பாடு போன்றது இது. வராத காரணம் அதில் இராது.

ஸ்டியரிங் பெட்டி மட்டும் பேசாவிட்டால் பற்றரி, பியூஸ், ஏர்த் மூன்றையும் பாருங்கள். என்ஜின் ஓடாதபோது பற்றரியில் சுமார் 12.5 வோல்ற், ஓடும்போது 14 வோல்ற் அளவில் இருக்கவேண்டும். பின் மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் மறை முனையிலும் மற்றதை அப்பெட்டியின் ஏர்த்திலும் வைத்து, என்ஜின் ஓட ஸ்டியரிங்கைத் திருப்பச் சொல்லுங்கள். அரை வோல்ற்றுக்கு மேல் காட்டினால் ஏர்த் சரியில்லை. வெள்ளத்தில் நின்ற காரானால் கார்ப்பெற்றுக்குக் கீழுள்ள இணைப்புகளில் பச்சை பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பல பெட்டிகள் பேசாவிட்டால் கான் வயர்களைச் சோதியுங்கள். பற்றரியின் மறை முனையைக் கழற்றிச் சில நிமிடம் பொறுங்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே 16 துளைகளுள்ள சோதனை இணைப்பில் 6ஆம், 14ஆம் துளைகளுக்கிடையே 60 ஓம் காட்டவேண்டும். இரண்டு அந்தங்களிலும் 120 ஓம் தடைகள் சமாந்தரமாக இருப்பதால் இந்தக் கணக்கு. 120 காட்டினால் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. பூச்சியத்தை அண்டினால் இரண்டு வயர்களும் எங்கோ தொடுகின்றன. பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, எதைக் கழற்றும்போது அளவு ஏறுகிறதென்று பாருங்கள். சில புதிய கார்களில் இடையே வேறொரு பெட்டி இருப்பதால் இந்த அளவு இவ்விணைப்பில் கிடைக்காது.

மஞ்சள் நிற இணைப்புகள் காற்றுப்பைக்கு உரியவை. அவற்றில் மீற்றரை வைக்கவே கூடாது.

பாவித்த ஸ்டியரிங் பெட்டி வாங்குவதானால், பூட்டியபின் ஸ்கானரால் நேர்நிலை பதியவேண்டி வரும். அந்தக் கூலியையும் முற்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.