மாணவர் உரிமத்தில் வரைந்த வீட்டு பிளான்

கேள்வி: கல்விச் சலுகையில் கிடைத்த ஆட்டோகேடைக் கொண்டு சிவில் இன்ஜினியரிங் மாணவர் வீட்டு பிளான் வரைந்து கொடுத்துப் பணம் வாங்கலாமா? படிப்பு முடிந்த பிறகும் அதைப் பயன்படுத்தலாமா?

பதில்: இரண்டுக்கும் உரிமம் இடம் தரவில்லை. மாணவருக்குக் கிடைப்பது நிபந்தனையோடு கூடிய அனுமதி மட்டுமே. பதிப்புரிமை நிறுவனத்திடமே இருக்கிறது. 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற பொத்தானை அழுத்துவதும் ஒப்பந்தம்தான். மின்னணு முறையில் உருவானது என்பதற்காகவே ஓர் ஒப்பந்தத்தைச் செல்லாது எனத் தள்ள, தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 10ஏ பிரிவு அனுமதிப்பதில்லை.

ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் கல்வி உரிமம் ஓராண்டுக்குரியது. மாணவர் என்ற தகுதி இருக்கும்வரை புதுப்பித்துக்கொள்ளலாம். கற்றல், கற்பித்தல் சார்ந்த வேலைகளுக்கு மட்டுமே அது செல்லும். கல்லூரி புராஜெக்டுக்காக வரைந்த பிளானில் சிக்கல் இல்லை. அதே மென்பொருளில் மேஸ்திரி ஒருவருக்கு ஐந்நூறு ரூபாய்க்கு வரைந்து கொடுத்தால் நிபந்தனை மீறப்படுகிறது. தொகை சிறியது என்பது பதிலாகாது. சித்தப்பா வீட்டுக்கு இலவசமாக வரைந்தாலும், அந்த பிளான் கட்டட அனுமதிக்காக ஊராட்சி அலுவலகத்துக்குப் போகிறதென்றால், அது படிப்புக்கான வேலை என்று வாதிடுவது கடினம். இன்டர்ன்ஷிப்பில் கம்பெனி வேலையைச் செய்வதற்கும் கம்பெனிதான் வணிக உரிமம் வாங்கித் தர வேண்டும். இதைக் கேட்டுப் பெற மாணவர்கள் தயங்கவே கூடாது.

எல்லா நிறுவனங்களின் விதியும் ஒன்றல்ல. ஜெட்பிரெயின்ஸ் தரும் இலவச மாணவர் உரிமமும் மேட்லேபின் மாணவர் பதிப்பும் வணிகப் பயன்பாட்டை விலக்குகின்றன. அதை அனுமதிக்கும் சலுகைகளும் உண்டு. ஆகவே, எதற்கு அனுமதி, எவ்வளவு காலம், தானாகப் புதுப்பிக்கப்படும்போது என்ன விலை ஆகிய மூன்றையும் பணம் கட்டும் முன்பே படித்துவிட வேண்டும்.

பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 51ஆம் பிரிவு, உரிம நிபந்தனைக்கு மாறாக உரிமையாளருக்கே உரிய செயலைச் செய்வதையும் மீறலாகவே கருதுகிறது. நடைமுறையில் முதலில் நேர்வது கணக்கு முடக்கம். அதற்கு மேல் தடையாணை, இழப்பீடு. உரிமம் காலாவதியானதும் 'கிராக்' செய்த பிரதிக்கு மாறுவது இதைவிடப் பெரிய ஆபத்து. மீறல் பிரதி என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்துவோருக்கு 63பி பிரிவு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. ஆதாயமோ வியாபாரமோ இல்லாதபோது நீதிமன்றம் சிறையைத் தவிர்த்து, 50,000 ரூபாய்க்கு மிகாத அபராதத்தோடு விடலாம்.

கட்டண வேலை வருகிறதென்றால் ஒரு மாதத்துக்கு மட்டும் வணிகச் சந்தா எடுக்கலாம். அதுவும் கட்டுப்படியாகாதவர்களுக்கு லிப்ரேகேட், ஃப்ரீகேட் ஆகிய இலவச வரைபட மென்பொருள்கள் இருக்கின்றன. அவற்றின் திறந்த உரிமம் சம்பாதிப்பதையும் தடுப்பதில்லை.