விரலைத் தட்டும் பிரேக் லீவர்

அன்புள்ள தங்கைக்கு,

முன் பிரேக் பிடித்தால் லீவர் விரலைத் தட்டித் தட்டித் தள்ளுகிறது என்றும், வேகம் குறையக் குறையத் தட்டலும் மெதுவாகிறது என்றும் எழுதியிருக்கிறாய். வண்டி 2016 மாடல், 150 சிசி, முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். விற்றவரைக் கேட்டால் "பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்கும்" என்கிறார். பட்டறையில் "டிஸ்க்கும் பேடும் மாத்திடலாம்" என்கிறார்கள். இரண்டையும் அப்படியே ஏற்றுக்கொள்ளாதே. பத்து வருட வண்டியானாலும் பிரேக் சீராகத்தான் பிடிக்க வேண்டும். அதேபோல, காரணம் தெரியாமல் பொருளை மாற்றினால் காசும் போகும், சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் தட்டலும் திரும்பி வரும். முதலில் அளந்து பார், பிறகு மாற்று. இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வருவது இவ்வளவுதான்.

லீவர் ஏன் தட்டுகிறது என்று முதலில் புரிந்துகொள். நீ லீவரை அழுத்தும்போது மாஸ்டர் சிலிண்டரில் உள்ள பிரேக் ஆயில் ஹோஸ் வழியாகக் காலிப்பருக்குப் போய்ப் பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் பேடை டிஸ்க்கின் மேல் அழுத்துகிறது. ஆயில் நசுங்காது, ஆகவே அந்த முனையில் பிஸ்டன் இம்மியளவு பின்வாங்கினாலும் இந்த முனையில் உனக்குத் தெரிந்துவிடும். காலிப்பர் பிஸ்டன் பெரியது, மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டன் சிறியது, அதோடு லீவரின் நீளம் வேறு. டிஸ்க்கில் நடக்கும் கண்ணுக்குத் தெரியாத அசைவு உன் விரலுக்கு வந்து சேரும்போது பல மடங்கு பெரிதாகிவிடுகிறது.

இனி, தட்டல் எங்கிருந்து வருகிறது என்று பார். ஆள் நடமாட்டமில்லாத நேரான ரோட்டில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போய், முன் பிரேக்கை மட்டும் மெதுவாகப் பிடி. அடுத்த முறை பின் பிரேக்கை மட்டும். உன் வண்டியின் 17 அங்குலச் சக்கரம் டயரோடு சேர்த்து ஏறக்குறைய 1.86 மீட்டர் சுற்றளவு இருக்கும். 20 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு 3 சுற்று, 40-இல் 6 சுற்று. 20-க்கு இறங்கும்போது தட்டலும் நொடிக்கு மூன்று என்றால் சுற்றுக்கு ஒன்று. அதாவது, சுற்றும் பொருளில் ஏதோ ஓர் இடத்தில் கோளாறு. லீவர் தட்டாமல் ஹேண்டில்பார் மட்டும் நடுங்கினால் கோன் செட்டைச் சந்தேகி. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஃபோர்க்கின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டு. 'டக்' என்றால் கோன் செட் லூஸ். சக்கரத்தையே இரு பக்கமும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் இருந்தால் வீல் பேரிங் போயிருக்கிறது. பிரேக் பிடிக்காமலேயே வண்டி உதறினால் டயரையும் ரிம்மையும் பார். இதையெல்லாம் விலக்கிய பிறகுதான் டிஸ்க்குக்கு வர வேண்டும்.

டிஸ்க்கில் இரண்டு விதக் கோளாறு வரும். ஒன்று கோட்டம்: டிஸ்க் இடமும் வலமுமாக ஆடிச் சுற்றும். இன்னொன்று தடிமன் மாறுபாடு: டிஸ்க் நேராகவே சுற்றும், ஆனால் ஓரிடம் தடித்தும் ஓரிடம் தேய்ந்தும் இருக்கும். பட்டறைகளில் எதுவானாலும் 'டிஸ்க் பெண்ட்' என்று ஒரே பெயர்தான் சொல்வார்கள். ஆனால் கோட்டம் மட்டும் இருந்தால் லீவர் பெரிதாகத் தட்டக் கூடாது. உன் வண்டியில் இருப்பது ஒரு பக்கம் மட்டும் பிஸ்டன் உள்ள, இரண்டு பின்களின் மேல் சறுக்கும் காலிப்பர். டிஸ்க் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் காலிப்பரும் கூடவே சறுக்கிக்கொள்ளும். பிஸ்டன் உள்ளே தள்ளப்படாது. பின்களில் கிரீஸ் காய்ந்து, துருவேறி இறுகிப்போனால் காலிப்பர் அசையாது. அப்போதுதான் டிஸ்க் பிஸ்டனைத் தள்ளும், உன் விரலில் தட்டும். தடிமன் மாறுபாடு அப்படியில்லை. தடித்த இடம் வரும்போது இரண்டு பேடும் விலகித்தான் ஆக வேண்டும், பிஸ்டனும் பின்வாங்கித்தான் ஆக வேண்டும். அதற்கு 0.02, 0.03 மில்லிமீட்டர் வித்தியாசமே போதும். ஒரு தலைமுடியின் தடிமனில் பாதிகூட இல்லை அது.

இந்த இரண்டும் ஒன்றிலிருந்து ஒன்று பிறப்பவை என்பதை மறக்காதே. கோட்டமான டிஸ்க், நீ பிரேக்கைத் தொடாதபோதும் ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் பேடை உரசிக்கொண்டே போகும். நாளடைவில் அந்த இடம் தேய்ந்து, கோட்டம் தடிமன் மாறுபாடாக முற்றும். புது டிஸ்க் போட்ட பிறகும் தட்டல் திரும்பி வருவது பெரும்பாலும் இதனால்தான். டிஸ்க் உட்காரும் ஹப் முகத்தில் துருவோ மணலோ காய்ந்த திரெட் லாக் பசையோ இருந்தால் புது டிஸ்க்கும் சாய்ந்துதான் உட்காரும்.

பழைய வண்டியில் இந்தக் கோளாறு எப்படி வந்திருக்கும் என்று யோசித்துப் பார். பஞ்சர் கடையில் சக்கரத்தைக் கழற்றி, டிஸ்க் பக்கம் தரையில் படும்படி போட்டு, மேலே ஏறி மிதித்து டயர் கழற்றுவதை நீயே பார்த்திருப்பாய். 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள டிஸ்க் அந்தப் பாரத்தைத் தாங்கப் பிறந்ததல்ல. டிஸ்க் லாக் போட்டதை மறந்து வண்டியை எடுத்தாலும் வளையும். மாதக்கணக்கில் மழையில் நின்ற வண்டியில், பேட் ஒட்டி நின்ற இடத்தில் பேடின் வடிவத்திலேயே துருத்தழும்பு விழும். மலை இறக்கத்தில் பிரேக்கைச் சூடேற்றிவிட்டு, கீழே வந்து லீவரை அழுத்திப் பிடித்தபடியே நின்றாலும் சூடான பேடின் பொருள் டிஸ்க்கில் திட்டாகப் படியும்.

இனி அளப்போம். வேலையைப் பின்களில் தொடங்கு. காலிப்பரின் இரண்டு போல்டையும் கழற்றி, டிஸ்க்கிலிருந்து விலக்கி, ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டு. காலிப்பரைக் கையால் சறுக்கிப் பார். தடையில்லாமல் போய்வர வேண்டும். இறுகியிருந்தால் பின்களைத் துடைத்து, பிரேக்குக்கென்று விற்கும் சிலிகோன் கிரீஸை மெல்லிதாகத் தடவு. சாதாரண கிரீஸ் வேண்டாம், ரப்பர் பூட் ஊதிப்போகும். பெட்ரோல், மண்ணெண்ணெய் எதுவும் ரப்பரில் படக் கூடாது. பேட் தூசியை வாயால் ஊதாதே. முகக்கவசம் போட்டுக்கொண்டு ஈரத்துணியால் துடை. தட்டலுக்குக் கோட்டம் மட்டுமே காரணமாக இருந்தால், இந்த ஒரு வேலையிலேயே தட்டல் வெகுவாகக் குறைந்துவிடும்.

அடுத்து கோட்டம். பட்டறையில் டயல் கேஜ் வைத்துப் பார்ப்பார்கள். வீட்டில் ஒரு நைலான் டையை ஃபோர்க்கில் கட்டி, வெட்டிய முனை டிஸ்க்கின் வெளி ஓரத்துக்கு அருகே, தொட்டும் தொடாமலும் இருக்கும்படி வை. சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்று. ஓரிடத்தில் 'சர்' என்று உரசி, எதிர்ப்பக்கத்தில் இடைவெளி விழுந்தால் கோட்டம் இருக்கிறது. உரசும் இடத்தில் மார்க்கரால் டிஸ்க்கிலும் ஹப்பிலும் கோடு போடு. எத்தனை மில்லிமீட்டர் என்று அறிய டயல் கேஜ் வேண்டும்; எந்த அளவுக்கு மேல் போகக் கூடாது என்பது உன் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். பெரும்பாலும் 0.1 முதல் 0.3 மில்லிமீட்டருக்குள் ஓர் எண்ணாக இருக்கும்.

கோட்டம் டிஸ்க்கிலா ஹப்பிலா? பலர் தவறவிடும் இடம் இதுதான். டிஸ்க்கைக் கழற்றி, ஹப் முகத்தை வெள்ளிபோலச் சுத்தம் செய்து, டிஸ்க்கை ஒரு போல்ட் ஓட்டை தள்ளிப் பொருத்தி, மறுபடி சுற்றிப் பார். உரசும் இடம் டிஸ்க்கில் போட்ட கோட்டோடு நகர்ந்தால் டிஸ்க் வளைந்திருக்கிறது. ஹப்பில் போட்ட கோட்டிலேயே நின்றால் ஹப்பில்தான் கோளாறு. எத்தனை டிஸ்க் மாற்றினாலும் தீராது. உரசலே காணாமல் போனால் இடையில் இருந்த அழுக்குதான் காரணம், செலவே இல்லை.

தடிமனை மைக்ரோமீட்டரால் அளக்க வேண்டும், வெர்னியரால் அல்ல. தேய்ந்த டிஸ்க்கின் வெளி ஓரத்தில் பேட் படாத ஒரு வரப்பு மிஞ்சியிருக்கும். வெர்னியரின் தாடை அந்த வரப்பின்மேல் உட்கார்ந்து தப்பான அளவைக் காட்டும். டிஸ்க்கைச் சுற்றி எட்டு இடத்தில், ஓரத்திலிருந்து ஒரே தூரத்தில் அளந்து எழுது. டிஸ்க்கிலேயே குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருப்பார்கள். 4 மில்லிமீட்டர் டிஸ்க்குக்கு 3.5 என்றிருப்பது சகஜம். அதற்குக் கீழே போயிருந்தால் பேச்சே இல்லை, மாற்ற வேண்டியதுதான்.

அளவுகள் கைக்கு வந்ததும் மருந்து தானாகத் தெரியும். தடிமன் போதுமானதாக இருந்து, திட்டும் தழும்பும் மட்டும்தான் என்றால் உப்புத்தாளால் இரு பக்கமும் வட்டம் வட்டமாகத் தேய்த்து, பிரேக் கிளீனரால் துடை. பேடின் மேற்பரப்பையும் சமதளத்தில் லேசாகத் தேய். ஆழமான துருக்குழி, எல்லை மீறிய கோட்டம், தேய்ந்த தடிமன் என்றால் டிஸ்க்கும் பேடும் சேர்ந்தே மாற வேண்டும். பழைய பேட் பழைய டிஸ்க்கின் மேடுபள்ளத்துக்குப் பழகிப்போனது. இவ்வளவு மெல்லிய டிஸ்க்கை லேத்தில் கொடுத்துச் சீவாதே, சுத்தியலால் தட்டி நிமிர்த்தவும் விடாதே. போல்ட்டுகளைப் புதிதாக வாங்கி, திரெட் லாக் தடவி, எதிரெதிராக மாற்றி மாற்றி, மேனுவலில் சொன்ன டார்க்குக்கு முறுக்கு.

பின் டிரம்மும் இப்படித் தட்டக்கூடியதே. ஸ்போக் சக்கரமாக இருந்தால் ஸ்போக்குகளின் இழுப்பு ஏற்றத்தாழ்வாகி டிரம் முட்டைவடிவமாகும். கோட்டம் எடுத்த பிறகு, சக்கரத்தோடு சேர்த்து லேத்தில் லேசாகச் சீவலாம். அதிகபட்ச விட்டம் டிரம்மில் பொறித்திருக்கும், அதைத் தாண்டக் கூடாது. தட்டுவது ஏபிஎஸ்தானோ என்ற சந்தேகமும் வரலாம். இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம். அந்த வண்டிகளில் மணலிலோ ஈரத்திலோ அழுத்திப் பிடிக்கும்போது வரும் அதிர்வு கோளாறல்ல, ஏபிஎஸ் வேலை செய்வதுதான். உன் வண்டிக்கு இந்தச் சந்தேகம் தேவையில்லை.

ஒன்றை மட்டும் மறவாதே. புது பேட் போடப் பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பாய். முதல் முறை லீவரை அழுத்தினால் காற்றுபோல உள்ளே போகும், பிரேக் பிடிக்காது. வண்டி நகர்வதற்கு முன் லீவர் இறுகும்வரை திரும்பத் திரும்ப அழுத்து. இறுகவே இல்லையென்றால் ஆயிலில் காற்று இருக்கிறது, ஓட்டாதே. பிறகு காலி ரோட்டில் 50-லிருந்து 10 வரை, முழுதாக நிற்காமல், பத்துத் தடவை மிதமாகப் பிடித்துப் பழக்கு. இடையிடையே ஆற விடு. பிரேக் ஆயிலை மாற்றி இரண்டு வருடம் ஆகிவிட்டதென்றால் அதையும் இப்போதே மாற்றிவிடு. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்ச உறிஞ்சக் கொதிநிலை இறங்கும். பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவு.

மெக்கானிக்கோடு சண்டை போடச் சொல்லி இதை எழுதவில்லை. கூட்டம் நிறைந்த பட்டறையில் ஒரு வண்டிக்கு அரைமணி நேரம் ஒதுக்கி அளக்க அவருக்கு நேரம் கிடைப்பதில்லை; அதனால்தான் மாற்றிவிடலாம் என்கிறார். நீ அளவோடு போனால் பேச்சே மாறும். "டிஸ்க் பெண்டா அண்ணா?" என்று கேட்பதும், "கோட்டம் இவ்வளவு, தடிமன் இவ்வளவு, பின் சறுக்குகிறது" என்று சொல்வதும் ஒன்றல்ல. உன் உயிர் தொங்கும் பொருளைப் பற்றி இன்னொருவரின் ஊகத்தை நம்பி நீ ரோட்டில் இறங்கக் கூடாது என்பதுதான் என் கவலை.

ஞாயிற்றுக்கிழமை பின்களையும் கோட்டத்தையும் பார்த்துவிடு. மைக்ரோமீட்டர் எந்த லேத் பட்டறையிலும் இருக்கும், கேட்டால் அளந்து தருவார்கள். எட்டு எண்ணையும் எழுதி அனுப்பு. என்ன வாங்குவது, எதுவும் வாங்க வேண்டுமா என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்வோம். அதுவரை வண்டியைத் தூரப் பயணத்துக்கு எடுக்காதே.

அன்புடன்,
உன் அண்ணன்